பொன்னிறச் சீவல்

எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் அக்காவுக்கு ‘அறுவை அக்கா’ என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் நான்தான். பதினேழு வருடங்களுக்கு முன்னால், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் வாரத்தில், அதே வருடம் பக்கத்து அறையில் சேர்ந்திருந்த அக்காவிடம் “இந்தச் செல்லையெல்லாம் எப்படிக்கா அறுக்கறீங்க?” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒன்றேகால் மணி நேரம் சொன்னாள். என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் இரண்டு முறை கொட்டாவி விட்டதைப் பார்த்த பிறகும் விடவில்லை. பெயர் வைத்த செய்தி காதுக்குப் போனதும் நேரே என் அறைக்கு வந்து, “பேரு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன்” என்றாள். மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனாள்.

அவள் வேலையைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒன்றேகால் மணி நேரம் எடுக்க மாட்டேன்.

ஈஸ்ட் செல்களை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து, அடுப்பில் வைத்துக் கல்லாக இறுக்குவார்கள். மாத்திரை அளவில் ஒரு கட்டி வரும். அதற்கு பிளாக் என்று பெயர். அதன் நுனியை அக்கா பிளேடால் செதுக்கிச் செதுக்கி, பாதிக் கடுகு அளவுக்கு ஒரு முகம் கொண்டுவருவாள். அறுக்கும் இயந்திரத்தின் கை அந்த பிளாக்கைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போய்வரும். எதிரே ஒரு வைரக் கத்தி. கத்திக்குப் பின்னால் விரல்நக அகலத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அறுபட்ட சீவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தண்ணீரில் மிதந்து வரும். ஒரு தாளை ஆயிரம் ஏடாகப் பிரித்தால் ஓர் ஏடு என்ன கனம் இருக்குமோ, அதைவிடவும் மெல்லியவை. எந்த அளவுகோலும் தொட முடியாத கனம் அது. அக்கா அதை நிறத்தால் அளப்பாள். தண்ணீரில் மிதக்கும்போது சீவல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் மிக மெல்லியது. வெள்ளி நிறம் என்றால் சரியான கனம். பொன் நிறம் என்றால் வெள்ளியைப்போலக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஊதா வந்தால் குப்பை.

மிதக்கும் சீவலை விரலால் தொட முடியாது. ஊசியால் தொட்டால் கிழியும். அதற்கு உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இமைமுடியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு குச்சியின் நுனியில் ஓர் இமைமுடியை ஒட்டி, அதனால் சீவலைத் தள்ளி, செப்பு வலைத்துண்டின் மேல் ஏற்றுவார்கள். அந்த வலைத்துண்டு என் அறைக்கு வரும், நான் படம் எடுப்பேன். அக்காவின் குச்சியில் இருந்தது அவள் மாமியாரின் இமைமுடி. தன்னுடையது வளைகிறதாம், கணவருடையது மெத்தென்று இருக்கிறதாம். “எங்க அத்தை முடிதான் சரி. எதுக்கும் வளையாது” என்பாள். மாமியாரும் மருமகளும் அந்த வீட்டில் உப்பு, துணி காயவைக்கும் கொடி, மின்விசிறியின் வேகம் என்று எல்லாவற்றுக்கும் முட்டிக்கொள்வார்கள். முடி தீர்ந்துபோனால் மட்டும் அரை நாள் சமாதானம்.

இப்போது அந்தச் செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். செல்லுக்குள் பல அறைகள் உண்டு. ஓர் அறையில் செய்த சரக்கு அடுத்த அறைக்கோ, செல்லின் வெளிச்சுவருக்கோ போக வேண்டும். நடுவில் வாசல் கிடையாது. அதனால் அறையின் சுவரிலிருந்தே ஒரு சின்னப் பை முளைத்து, சரக்கை உள்ளே வாங்கிக்கொண்டு கழன்றுவரும். சேரவேண்டிய சுவர் எது என்று அந்தப் பைக்குத் தானாகத் தெரியாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் புரதங்களும், சுவரில் காத்திருக்கும் புரதங்களும்தான் வழிகாட்டுகின்றன. நீளமாகக் கயிறுபோல இருப்பவை தூரத்திலேயே பையைப் பிடித்துச் சுவரருகே இழுத்து நிறுத்தும். பிறகு வேறு சில புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையையும் சுவரையும் ஒன்றாக்கும். சரக்கு போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் ஆய்வகத் தலைவர் பதினொரு வருடமாக அப்படி ஒரு புரதத்தின் பின்னால் அலைந்தார். அதற்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர் ‘கொக்கி’. அந்தக் கொக்கி இல்லாமல் போனால் பைகள் சுவரோடு சேரவே முடியாமல் செல்லுக்குள் குவிந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. நம்பிக்கை என்று நான் சொல்கிறேன். அவர் உண்மை என்பார்.

அதை நிரூபிக்கும் வேலை சின்ன டாக்டருக்கு வந்தது. சின்ன டாக்டர் என்றால் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிட்டு இங்கே மூன்று வருட வேலைக்கு வந்த பெண். கெட்டிக்காரி, ஓட்டமும் நடையுமாக இருப்பாள், காதில் எப்போதும் பாட்டு. சாதாரண ஈஸ்ட்டையும், கொக்கி இல்லாத ஈஸ்ட்டையும் தனித்தனியாக ரெசினில் இறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். சாதாரண ஈஸ்ட்டின் மூன்று பிளாக்குகளும் வெண்ணெயாக அறுபட்டன. கொக்கி இல்லாத ஈஸ்ட் இருந்த நான்கு, ஐந்து, ஆறு எண் பிளாக்குகள்தான் தகராறு பண்ணின. ரெசின் உள்ளே சரியாக இறங்கவில்லை. வெள்ளிக் கனத்தில் அறுத்தால் செல் இருக்கும் இடமெல்லாம் ஓட்டை விழுந்தது.

அக்கா சின்ன டாக்டரைக் கூப்பிட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“இந்த மூணும் மெல்லிசா வரமாட்டேங்குதும்மா. இப்போதைக்குப் பொன்னுல தரேன், செல்லு எப்படி இருக்குன்னு பாத்துக்கோ. எண்ணறதா இருந்தா சொல்லு, திரும்ப முயற்சி பண்றேன்.”

“ஓகேக்கா, ஓகேக்கா” என்றாள் அவள். ஒரு காதிலிருந்து மட்டும் பாட்டை எடுத்திருந்தாள்.

அக்காவிடம் ஒரு நீளமான பதிவேடு உண்டு. அச்சடித்த பதிவேட்டில் தேதி, பிளாக் எண், யாருக்கு என்று மூன்று கட்டம்தான். நான்காவதாக ‘நிறம்’ என்று ஒரு கட்டத்தை அவளே ஸ்கேல் வைத்துப் பக்கம் பக்கமாகக் கோடு போட்டுக்கொள்வாள். பதினேழு வருடத்தில் அந்தக் கட்டத்தை யாரும் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. நானும் படித்ததில்லை. அன்றைக்கு அதில் நான்கு, ஐந்து, ஆறு எண்களுக்கு நேரே ‘பொன்’ என்று எழுதினாள்.

நான் படம் எடுத்தேன். சின்ன டாக்டர் எண்ணினாள். சாதாரண செல்லின் ஒரு சீவலில் சராசரி இருபத்துநான்கு பைகள், கொக்கி இல்லாததில் முப்பத்துமூன்று. தலைவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கூட்ட அறையில் கேக் வெட்டினோம். கட்டுரை எழுதி ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பினார்கள். அக்காவுக்கும் ஒரு துண்டு கேக் வந்தது. கட்டுரையில் அவள் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. அது பழகிப்போன விஷயம்.

நாலு மாதம் கழித்துப் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கட்டுரையைப் படித்துப் பார்த்த மூன்று பேரில் இரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள். மூன்றாவது ஆள், யாரோ புண்ணியவான், ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: எல்லாச் சீவல்களும் ஒரே கனத்தில் அறுக்கப்பட்டவையா?

தலைவர் எங்கள் மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது. எல்லாச் சீவல்களும் எழுபது நானோமீட்டர், அதாவது வெள்ளிக் கனத்தில் அறுக்கப்பட்டவை என்று ஒரே வாக்கியம். கீழே மூன்று கோடுகள்: எண்ணியவர், படம் எடுத்தவர், அறுத்தவர்.

சின்ன டாக்டர் கையெழுத்துப் போட்டாள். அக்கா சொன்னது அன்றைக்கே பாட்டோடு போய்விட்டது, அவளுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. நான் போட்டேன். எனக்கு அந்தப் ‘பொன்’ ஞாபகம் இருந்தது. தெரிந்தேதான் போட்டேன், இதில் மழுப்ப ஒன்றுமில்லை. எனக்கு நிரந்தர வேலை, யாரும் என்னை அசைக்க முடியாது, அப்படியிருந்தும் பயந்துதான் போட்டேன். அக்காவுக்கு அப்படி இல்லை. வருடா வருடம் தலைவர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் அவளுக்கு வேலை. அடுத்த புதுப்பிப்புக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

அக்கா தாளைக் கையில் எடுத்து இரண்டு தடவை படித்தாள்.

“சார், இது தப்பு. நாலு, அஞ்சு, ஆறு பொன்னுல அறுத்தது.”

“நிறம் கண்ணுக்குத் தோணறதும்மா. வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். அதை வெச்சு இவ்ளோ உறுதியா சொல்ல முடியாது.”

“பதினேழு வருஷமா அதை வெச்சுத்தானே சார் அறுக்கறேன். அப்போ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா?”

“எங்க புரதம் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியும். புரதம் பொய் சொல்லாது.”

“புரதம் சொல்லாது சார். கனம் சொல்லும். கனமா அறுத்தா உள்ள நிறையப் பை மாட்டும். அதுவும் இல்லாம, தம்பி எடுத்த படத்துல நான் பாத்த வரைக்கும் பை ஒண்ணும் கூடல. சுவரை விட்டுத் தள்ளி நிக்குது, அவ்ளோதான்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுக்கிறவள் கருத்துச் சொல்வது அந்த அறையில் அதுதான் முதல் தடவை. “நான் ஒரு வாரம் வெளியூர் போறேன். பத்து நாள்ல பதில் அனுப்பணும். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா யோசிச்சுப் போட்டுக் கொடுங்க” என்றார். அக்கா தாளை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தலைவர் என் தோளில் கை போட்டார். “நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாங்க.” என் பேச்சை என் வீட்டு நாய்கூடக் கேட்காது. ஆனாலும் அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். தூது போன வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டு அறை வீடு. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் மேசையில் எங்களுக்காகத் திராட்சை போட்ட ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துப் பேசினேன். ஒரு கையெழுத்துதானே, எல்லாரும் போட்டாச்சு, கட்டுரையில் உங்கள் பெயர்கூட இல்லை, யார் உங்களைக் கேட்கப் போகிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன்.

கணவர் தண்ணீரிலிருந்து காலை எடுத்தார். “போட்டுடேன். ஊருக்கெல்லாம் நீதான் காவலா? ரெண்டு பிள்ளைங்க படிச்சிட்டு இருக்குதுங்க.”

“போட மாட்டேன்.”

“ஏன்?”

“நான் அறுக்கல. நான் வெள்ளியில அறுக்கல. என் கையைப் பத்தி எனக்குத் தெரியாததா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பார்த்தேன். மாமியார் கத்தியை நிறுத்திவிட்டு, “என்னதான்டி பிரச்சினை? எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்றார்.

அக்கா மேசைக்கு வந்தாள். கத்தியை வாங்கி, ரொட்டியில் ஒரு மெல்லிய துண்டும் ஒரு தடித்த துண்டும் போட்டாள். மெல்லியதில் ஐந்து திராட்சை, தடித்ததில் ஒன்பது. “தடிச்ச துண்டைக் காட்டி, இந்த ரொட்டியில திராட்சை ஜாஸ்தின்னு எழுதியிருக்காங்க. ரெண்டு துண்டும் ஒரே தடிமன்தான்னு என்னைச் சொல்லச் சொல்றாங்க.”

மாமியார் இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் பாதியாகிவிட்டேன்.

“இது ஒரு படிச்ச கூட்டம் பண்ற வேலையா?” என்றார். மகன் பக்கம் திரும்பி, “நீ சும்மா இரு. இவ பண்ற எதுவுமே எனக்குப் பிடிக்காது. ஆனா பொய் சொல்லி நான் பாத்ததில்ல” என்றார். மருமகளிடம், “கையெழுத்துப் போட்டுட்டு இந்த வீட்டுப் படி ஏறாத. வேல போனா போகட்டும், உப்பைக் குறைச்சுப் போட்டுச் சாப்பிட்டுக்கலாம்” என்றார்.

“உப்பைக் குறைக்கத்தானே நானும் பத்து வருஷமா சொல்றேன்” என்றாள் அக்கா. அந்த நிலைமையிலும் விடவில்லை.

மாமியார் கண்ணாடி முன்னால் போய் நின்று, கண்ணை இறுக்கி, ஓர் இமைமுடியைப் பிடுங்கினார். தண்ணீர் வழிய வழிய வந்து நீட்டினார். “இந்தா. பழசு தேஞ்சு போயிருக்கும்.”

மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அறுத்த பிளாக்கை அவள் ஒருபோதும் கடைசி வரை தீர்க்க மாட்டாள், பாதியில் நிறுத்தி, முகத்தில் தூசு படாமல் ஒரு குப்பியில் போட்டு, இழுப்பறையில் வைத்துவிடுவாள். எதற்கு இந்தக் குப்பையெல்லாம் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அந்தக் குப்பையிலிருந்து ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தாள். அத்தனையையும் வெள்ளியில் திரும்ப அறுக்கப்போகிறாள்.

முதல் மூன்று நாள் நான்கும் ஐந்தும் ஆறும் கிழிந்துகொண்டே இருந்தன. ஓட்டை, ஓட்டை, ஓட்டை. அவள் பிளாக்கின் முகத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போனாள். பாதிக் கடுகு கால் கடுகானது, கால் கடுகு கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியானது. கத்தியில் இதுவரை தொடாத ஓர் ஓரத்தை இதற்கென்று ஒதுக்கினாள். இயந்திரக் கை ஓடும் வேகத்தைக் குறைத்தாள். நான்காம் நாள் ஓட்டை நின்றது, ஆனால் சீவலில் வரிவரியாகக் கோடு விழுந்தது. எங்கோ அதிர்கிறது. குளிர்சாதனத்தை நிறுத்தினாள், கோடு போகவில்லை. என்னை மூச்சுவிடாமல் நிற்கச் சொன்னாள், போகவில்லை. பிறகு சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வெளியே போனாள். அவள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிப்ட்.

ஐந்து நிமிடத்தில் லிப்ட் கதவில் ‘பழுது. படியைப் பயன்படுத்தவும்’ என்று ஒரு பலகை தொங்கியது. கீழே காவலாளி சுவிட்சை அணைத்திருந்தார். அக்கா சொன்னால் அவர் மறுபேச்சு பேச மாட்டார். அவர் மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று அலைந்து விசாரித்துக் கொடுத்தவள் அவள்.

கோடு போய்விட்டது. வெள்ளி நிறத்தில் ஏழு சீவல்கள் வரிசையாக மிதந்தன. அத்தையின் இமைமுடி அவற்றை ஒவ்வொன்றாக வலைத்துண்டில் ஏற்றியது. அடுத்த ஐந்து நாளும் மொத்தக் கட்டடமும் படியேறியது. மூன்றாம் மாடிக் கணக்கர் தினமும் லிப்டைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன்.

வலைத்துண்டுகளை என்னிடம் கொடுக்கும்போது எது எந்த ஈஸ்ட் என்று அவள் சொல்லவில்லை. எண்களை மாற்றிப் போட்டிருந்தாள். எந்த எண் எது என்ற பட்டியலை ஓர் உறையில் போட்டு ஒட்டிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள். “எனக்கே மறந்துபோற மாதிரி மாத்தியிருக்கேன் தம்பி. நீ என் பக்கம் சாஞ்சு எண்ணிடக் கூடாது பாரு.” என்மேல் அவ்வளவு மரியாதை.

ஆறாம் நாள் சின்ன டாக்டர் மூச்சு வாங்கப் படியேறி வந்து இதையெல்லாம் பார்த்தாள். பதிவேட்டில் அந்த நான்காவது கட்டத்தையும் பார்த்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“என் மூணு வருஷம்கா. மூணு வருஷத்தையும் அறுத்துப் போட்டுட்டீங்க.”

“நான் அறுத்தது சரியாத்தான் இருக்கு. சொல்லவும் சொன்னேன். நீ கேக்காம எண்ணிட்ட.”

அவள் அழுதாள். அக்கா தேற்றவில்லை. தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, “அழுது முடிச்சதும் எனக்காக ஒண்ணு பண்ணு. பையை எண்ணு, சரி. ஒவ்வொரு பையும் சுவர்லேருந்து எவ்ளோ தூரத்துல நிக்குதுன்னும் அள. பதினேழு வருஷமா பை பாக்கறேன், இது தள்ளி நிக்குது” என்றாள். சின்ன டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். இரண்டு காதிலும் பாட்டு இல்லை. மூன்று நாள் இருவரும் தனித்தனியாக எண்ணினோம், அவள் கூடவே தூரத்தையும் அளந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்தரை மணிக்குத் தலைவர் வந்தார். நான்கு மாடி ஏறி வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேச ஒரு நிமிடம் பிடித்தது.

“லிப்ட் எத்தனை நாளா பழுது?”

“பழுது இல்ல சார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். அறுக்கும்போது அதிருது.”

அவர் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினார். “அந்தத் தாள்?”

அக்கா சாப்பாட்டுப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது, ஏனென்றால் மூன்றாவது கோட்டில் மை இருந்தது. பிறகு படித்தார். அறுத்தவர் என்ற இடத்தில் அக்காவின் நேரான கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘ஒன்று, இரண்டு, மூன்று: வெள்ளி. நான்கு, ஐந்து, ஆறு: பொன். அறுத்த அன்றே சொன்னேன். பதிவேட்டில் இருக்கிறது.’ அதற்குக் கீழே முழுப்பெயரும் தேதியும் போட்டுக் கையொப்பம்.

“கையெழுத்துக் கேட்டீங்க சார். போட்டிருக்கேன்.”

“இதை நான் எப்படி அனுப்ப முடியும்?”

“முடியாதுதான்.”

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்ன தைரியம் வந்ததோ, உள்ளே போய் அவர் கையில் இருந்த தாளை மேசையில் வைத்து, என் பெயரின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கோடு வளைந்து போனது. சின்ன டாக்டர் பேனாவை என்னிடமிருந்து வாங்கினாள். அவள் கோடு நேராக இருந்தது.

காவலாளியைக் கூப்பிட்டு உறையைப் பிரித்தோம். சாதாரண செல்லில் இருபத்துநான்கு, கொக்கி இல்லாததில் இருபத்தைந்து. பை கூடவே இல்லை. ஆனால் சாதாரண செல்லில் பைகள் சுவரை ஒட்டி நின்றன, கொக்கி இல்லாததில் அதைப்போல இரண்டரை மடங்கு தூரத்தில் நின்றன. கொக்கி சும்மா இருக்கவில்லை. பையைச் சுவரருகே இழுத்துப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, அது இல்லாவிட்டாலும் பைகள் தட்டுத்தடுமாறி எப்படியோ போய்ச் சேர்கின்றன. தலைவர் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தார். பதினொரு வருடம் தேடியது இப்படி வேறு முகத்தோடு வந்து நிற்கிறதே என்று அவருக்கு இருந்திருக்கும். மனிதர் முட்டாள் இல்லை, படத்தைப் படிக்கத் தெரியும்.

“சரி” என்றார் கடைசியில். “கட்டுரையைத் திரும்ப எழுதுவோம்.” எழுந்து கதவுவரை போய்த் திரும்பினார். “உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. ஞாபகம் இருக்கில்ல?”

“தேதியே ஞாபகம் இருக்கு சார். அதுவரைக்கும் இந்த அறையில நான்தான் அறுப்பேன். அந்த நாற்காலியைக் கொஞ்சம் பழைய இடத்துல போட்டுட்டுப் போங்க.”

அவர் போட்டுவிட்டுத்தான் போனார்.

புதுப்பிக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை, இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நானும் சின்ன டாக்டரும் மனு எழுதினோம், மூன்றாம் மாடிக் கணக்கர்கூடக் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா யாரிடமும் போய் நிற்கவில்லை. கடைசி நான்கு வாரமும் ஒன்பது மணிக்கு வந்து, எல்லாருக்கும் அறுத்துக் கொடுத்தாள். ஊருக்கு மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரியில் சிறுநீரகச் சதைத்துணுக்கு அறுக்க ஆள் வேண்டும் என்று விசாரித்து, நேரே போய், அவர்கள் கத்தியிலேயே அறுத்துக் காட்டி வேலை வாங்கிக்கொண்டாள். கத்தி மழுங்கல் என்று அவர்களையும் திட்டிவிட்டு வந்தாளாம்.

கடைசி நாள் மத்தியானம் வைரக் கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள். இமைமுடிக் குச்சியை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டாள். “இது எங்க வீட்டுச் சொத்து” என்றாள். பதிவேட்டைக் கையில் எடுத்து, கடைசியாக எழுதிய பக்கத்துக்குப் பிறகு இருந்த வெற்றுப் பக்கங்களில் உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தாள். அந்த நான்காவது கட்டம். இருபது பக்கம், முப்பது பக்கம், பதிவேடு முடியும்வரை. “இனிமே வர்றவங்க போடுவாங்களோ என்னவோ. நானே போட்டுட்டுப் போயிடறேன்.”

அப்போதுதான் சின்ன டாக்டர் உள்ளே வந்தாள். முந்தின நாள் அக்கா அறுத்துக் கொடுத்த வலைத்துண்டுகளின் டப்பா அவள் கையில் இருந்தது. வாசலிலேயே நின்று பாட்டுக் குமிழ்களை இரண்டு காதிலிருந்தும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டாள்.

“அக்கா, எண்ண ஆரம்பிக்கப் போறேன். இது என்ன நிறம்?”

அக்கா ஸ்கேலை நிறுத்தினாள். பதினேழு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நிதானமாகப் பதிவேட்டைத் திருப்பி, அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“வெள்ளி” என்றாள். “நீயே படிச்சுப் பாத்துட்டுப் போ.”